கடத்தப்படாத கவுன்சிலர்

ஜூன் 10, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக அவருடைய ஸ்வெட்டரை மொட்டை மாடியில் வெயிலில் போட்டேன். கல்யாணமான வருஷம் வாங்கியது. மார்கழியிலும் மின்விசிறி ஓடும் ஊர் இது; ஸ்வெட்டருக்கு இங்கே ஒரு வேலையும் கிடையாது. பாச்சை உருண்டை வாசம் போகட்டும் என்று நாலைந்து தடவை ஏறிப் போய்த் திருப்பிப் போட்டேன். கொடைக்கானலில் குளிரும் என்று மாவட்டம் சொல்லியிருந்ததாம். மாவட்டம் என்றால் எங்கள் கட்சியின் மாவட்டச் செயலாளர். கட்சிக்காரர்கள் ஆளைப் பேர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. மாவட்டம் வந்துவிட்டது, ஒன்றியம் சாப்பிடுகிறது என்றுதான் பேசுவார்கள்.

பேரூராட்சித் தலைவர் போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். பத்தொன்பதாம் தேதி புதுத் தலைவருக்குத் தேர்தல். ஊர் மக்கள் ஓட்டுப் போடுவதில்லை. இறந்தவரின் வார்டு காலி; மிச்சமுள்ள பதினைந்து வார்டு கவுன்சிலர்கள் போடுவது. எங்கள் கட்சிக்கு எட்டுப் பேர், அவர்களுக்கு ஏழு. ஒரு ஓட்டுக் குறைந்தால் சமமாகிவிடும், சீட்டுக் குலுக்க வேண்டும். ஒரு ஓட்டு மாறினால் தோல்வி. ஆகவே எட்டு கவுன்சிலர்களையும் தேர்தல் வரை மலைமேல் ஒரு விடுதியில் வைத்துப் பாதுகாப்பது என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

பதினோரு மணிக்கு வேன் வந்தது. மாவட்டமே நேரில் இறங்கி வந்தார்.

"கவுன்சிலர் ரெடியா?"

நான் வாசலுக்கு வந்தேன். எனக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் பையோடு வந்தார்.

"ஏறுங்க கவுன்சிலர், ஏறுங்க. நேரமாச்சு."

வேன் கிளம்புமுன் தெருவிலேயே சூடம் கொளுத்தினார்கள். கட்சிக்குத் துரோகம் செய்ய மாட்டேன் என்று சொல்லி ஒவ்வொருவரும் உள்ளங்கையால் சூடத்தை அணைக்க வேண்டும். காற்றில் அது தானாகவே அணைந்துகொண்டிருந்தது. தானாக அணைந்தால் சத்தியம் செல்லாது என்று ஒன்றியம் சொன்னதால், என்னை முந்தானையால் மறைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். நின்றேன். "ஆறாவது வார்டு உறுப்பினராகிய நான்" என்று அவர் கணீரென்று ஆரம்பித்தார்.

வேனுக்குள் எட்டு ஆண்கள். அதில் மூன்று பேர் கவுன்சிலர்கள். மற்ற ஐந்து பேர் கவுன்சிலர்களின் கணவர்கள். புளியோதரைத் தூக்குவாளியை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "உடம்பப் பாத்துக்க தமயந்தி" என்றார். வேன் போய்விட்டது.

இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. ஆறாவது வார்டு கவுன்சிலர் நான்.

ஜூன் 11, புதன்

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாமல் அரைப்படி அரிசி வடித்துவிட்டேன்.

சந்தைக்குப் போனேன். பூக்கடை வள்ளிமயில் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் வீட்டில் டியூஷன் எடுப்பதால் ஊருக்கே நான் டீச்சர்.

"என்ன டீச்சர், சாரக் கடத்திட்டாவளாமே?"

"கடத்தல்லாம் இல்ல. கட்சி வேலையாப் போயிருக்காங்க."

"அப்ப கக்கூஸப் பத்தி யார்ட்ட கேக்க?"

"என்கிட்ட கேளேன்."

நான் ஏதோ வேடிக்கை சொன்ன மாதிரி பக்கத்துக் கடை மீன்காரியும் சேர்ந்து சிரித்தாள்.

சந்தைக்கு மேற்கே பெண்கள் பொதுக் கழிப்பிடம் திறந்து பதினான்கு மாதமாகிறது. பார்க்க அழகாக இருக்கும். ரோஜா நிற ஓடு பதித்த சுவர், கட்சித் தலைவர் படம், கல்வெட்டு, பச்சை இரும்புக் கதவு. கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் கருவேலங்காடு. பின்னால் கட்டடம் கிடையாது. முன்சுவர் மட்டும்தான். பணி முடிந்ததற்குப் புகைப்படம் முன்பக்கத்திலிருந்து எடுத்து அனுப்பினால் போதும் என்பதால் முன்பக்கம் மட்டும் கட்டியிருக்கிறார்கள். திறப்பு விழாவில் நானும் இருந்தேன். ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினோம். சாவி வரவில்லை என்று கதவை மட்டும் திறக்கவில்லை.

முதலில் சில மாதம் பெண்கள் அந்தக் கதவைத் திறந்துகொண்டுதான் காட்டுக்குள் போனார்கள். கதவு இருக்கும்போது எதற்குச் சுற்றிப் போக வேண்டும் என்று. இப்போது சுவரின் நிழலில் ஆண்கள் உட்கார்ந்து குடிக்கிறார்கள். அதனால் அதுவும் நின்றுவிட்டது. விடியற்காலை ஐந்துக்குக் கடை போடும் வள்ளிமயில் மூன்று மணி வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை.

இதைப் பற்றி நான் அவரிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். "பின்பக்கம் ரெண்டாங்கட்டப் பணியில வருது" என்றார். நான் மூன்றாம் முறை கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் தங்கப்பழம் வந்தார். எதிர்க்கட்சியின் தலைவர் வேட்பாளர் அவர்தான். அந்தச் சுவரைக் கட்டிய காண்ட்ராக்டரும் அவர்தான். அதைக் கட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது எங்கள் துணைத்தலைவர் அரியமுத்து. அவர் எங்கள் கட்சியின் வேட்பாளர். இருவரும் மேடையில் ஒருவரையொருவர் ஊழல்வாதி என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் சொல்வது உண்மை.

"சார் இல்லையா மதினி?"

"கொடைக்கானல் போயிருக்காங்க."

"அடடா, முந்திட்டானுவளே!" தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாக் கவுன்சிலர்களையும் கொண்டுபோய்விட்டார்கள், ஊரில் ஒருத்தர்கூட இல்லை என்று என்னிடமே வருத்தப்பட்டார். மோர் கொடுத்தேன்.

"சார் போன் பண்ணா ஒரு வார்த்த சொல்லிருங்க மதினி. நாம பேசினது பேசினதுதான். துணைத்தலைவர் அவருக்குத்தான்."

"என்ன பேசினீங்க?"

"ச்சே ச்சே, பொதுவா."

"அண்ணாச்சி, ஓட்டு என்னோடது."

"தெரியாமலா மதினி? அதான மெனக்கெட்டு வீட்டுக்கே வந்தேன்." வாசல் வரை போய்த் திரும்பினார். "மறக்காம சார்ட்ட சொல்லிருங்க."

கழிப்பிடத்தின் பின்பக்கம் எப்போது வரும் என்று கேட்டேன்.

"எஸ்டிமேட்டுல முன்பக்கம்தான் இருந்திச்சு மதினி. அரியமுத்துட்ட கேளுங்க. நான் தலைவரா வந்தா மறுநாளே பின்பக்கத்தக் கட்டிருவேன்."

"யார வச்சு?"

"என்ன மதினி இப்படிக் கேக்கிய? ஊர்ல வேற காண்ட்ராக்டர் யாரு இருக்கா?"

ஆறு ஆப்பிள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாருக்கு. என் வீட்டுக்காரர் பொதுவாகத்தான் பேசியிருப்பார். கவுன்சிலராக இல்லாத ஒருவர் எப்படித் துணைத்தலைவராக முடியும்?

ஜூன் 13, வெள்ளி

முருங்கைக்கீரை. போர்வை துவைத்தேன். யாரும் தேடி வரவில்லை. ஒரு ஆப்பிள் சாப்பிட்டேன்.

ஜூன் 14, சனி

சமையல்காரரின் போனிலிருந்து அவர் பேசினார். எல்லார் போனையும் மாவட்டம் வாங்கி ஒரு பிரஷர் குக்கருக்குள் போட்டு வைத்திருக்கிறதாம். சளி பிடித்திருக்கிறது, குரல் கட்டியிருக்கிறது.

அங்கே தினமும் காலையில் ஓட்டு ஒத்திகை நடக்கிறதாம். அட்டைப்பெட்டியில் துளை போட்டு, சீட்டுக் கொடுத்து, திரை கட்டி, ஒவ்வொருவராகப் போய் போட வேண்டும். மூன்று நாளும் அரியமுத்து எட்டுக்கு எட்டு வாங்கி ஜெயித்திருக்கிறார். ஜெயித்ததும் மாலை போடுகிறார்கள். அதே மாலைதான், ராத்திரி குளிர்பெட்டியில் வைத்து எடுப்பார்களாம். ஆனால் இன்று எண்ணியபோது ஏழுக்கு ஒன்று.

"ஒத்திகையிலயே ஒருத்தன் துரோகம் பண்ணிட்டான் தமயந்தி. மாவட்டம் கொந்தளிச்சுப் போய் இருக்கு. யாருக்கும் மத்தியானம் பிரியாணி கிடையாதுன்னுட்டாவ. மறுபடி சூடம் அணைக்கச் சொல்லியிருக்காவ."

"யாரு போட்டாங்களாம்?"

"எனக்கென்ன தெரியும்? என்ன ஏன் கேக்க? ஜெபக்கனி வீட்டுக்காரன் மேலதான் எல்லாருக்கும் சந்தேகம்."

தங்கப்பழம் வந்ததைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் சமையல்காரர் போனைக் கேட்டுவிட்டார், ரசம் பொங்குகிறதாம்.

ஜூன் 15, ஞாயிறு

கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே ஜெபக்கனி வந்தாள். அவள் கோவில் என்று சொல்வது மாதா கோவில். மூன்றாவது வார்டு கவுன்சிலர், எங்கள் கட்சி. அவள் கணவனையும்தான் கொண்டுபோயிருக்கிறார்கள்.

மிச்சமிருந்த ஆப்பிளை நறுக்கி வைத்தேன். அவள் வீட்டுக்கும் தங்கப்பழம் ஆறு ஆப்பிள் கொண்டுபோயிருக்கிறார்.

"எக்கா, ஒண்ணு கேக்கட்டா? நியாயப்படி நம்மளத்தான கடத்தணும்?"

"ஆமா."

"நான் பெட்டிகூட கட்டி வச்சிருந்தேன்க்கா. புதுச் செருப்பு வாங்கினேன். கொடைக்கானல நான் பாத்ததே இல்ல. வேன் வந்திச்சு. எங்க வீட்டுக்காரரு என் பெட்டியத் தூக்கிட்டுப் போய் ஏறிட்டாரு. இப்பம் என் நைட்டியும் சீப்பும் மலைக்குப் போயிருக்கு. நான் இங்க இருக்கேன்."

இருவரும் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தோம்.

"அவன்களும் அப்படித்தாம்க்கா" என்றாள். எதிர்க்கட்சியிலும் ஏழு பேரில் நான்கு பேர் பெண்கள். அந்த நான்கு வீட்டு ஆண்களையும் குமுளிக்கு அழைத்துப் போயிருக்கிறார்களாம். "விலை பேச வந்தவனும் நம்மகிட்ட பேசல. ஒளிச்சு வச்சவனும் நம்மள ஒளிக்கல. நாம என்னத்துக்குக்கா இருக்கோம்?"

அவள் போன பிறகு விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். பதினைந்து கவுன்சிலரில் ஒன்பது பேர் ஊரில் அவரவர் அடுக்களையில் பத்திரமாக இருக்கிறோம். எங்களைக் காவல் காக்க ஒருவரும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பத்து மணிக்குப் பேரூராட்சி எழுத்தர் சுடலைமணி தேர்தல் கூட்ட அறிவிப்போடு வந்தார். கையில் தடித்த கோப்பு.

"சார் எப்ப வருவாங்க மேடம்?"

"நோட்டீஸ் யாருக்கு?"

மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "திருமதி உ. தமயந்தி, உறுப்பினர், ஆறாவது வார்டு."

"குடுங்க."

"குடுத்துரலாம். ஒப்பம் வாங்கணுமே."

நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை முதலில் கிட்டே வைத்துப் பார்த்தார், பிறகு தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்து இல்லையே மேடம்."

"இப்பத்தான உங்க முன்னால போட்டேன்?"

"போட்டீங்க, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒத்து வரலையே."

கோப்பைப் பிரித்து வருகைப் பதிவேட்டின் நகல்களைக் காட்டினார். கடந்த மூன்று வருஷத்து மாதக் கூட்டங்கள். எல்லாவற்றிலும் 'தமயந்தி' இருந்தாள். வளைத்து, சாய்த்து, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்து, மிக அழகாக. என் கையெழுத்து அப்படி இருக்காது. கோணலாக, வெட்டுக்கிளி மாதிரி இருக்கும்.

பதவியேற்ற புதிதில் முதல் இரண்டு கூட்டத்துக்கு நான் போனேன்; அந்தப் பக்கங்கள் இந்த நகலில் இல்லை. பிறகு அவர், "ஒரு மணி நேரம் வெயில்ல உக்காந்து என்ன செய்யப் போற, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எனக்கும் டியூஷன் இருந்தது. பதிவேட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்று எழுதலாம். தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்று எழுதுவதுதான் சரி.

"தப்பா நினைக்காதீங்க மேடம். ஆபீஸப் பொறுத்தவரைக்கும் இதுதான் ஒரிஜினல்."

அவர் பக்கத்தைப் புரட்டியபோது அந்தச் சான்றிதழ் தெரிந்தது. 'சந்தை மேற்குப் பெண்கள் பொதுக் கழிப்பிடத்தை நேரில் பார்வையிட்டேன். பணி முழுமையாக முடிக்கப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளது. மகளிர் பெரிதும் பயனடைந்து வருகின்றனர்.' கீழே அதே அழகான தமயந்தி. தேதியைப் பார்த்தேன். அன்று நான் மகளைக் கல்லூரியில் சேர்க்க மதுரையில் இருந்தேன்.

"இதுக்குக் கீழ இருக்கிறது என் கையெழுத்து இல்லன்னு நான் சொன்னா என்ன ஆகும்?"

சுடலைமணி தெருவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கையெழுத்துத் தகராறுன்னு ஒரு வரி பதிவாயிட்டாப் போதும் மேடம், இந்தக் கோப்பெல்லாம் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிரும். நீங்க பதவியேத்த அன்னைக்குப் போட்ட கையெழுத்து அங்க இருக்கு. ஒப்பிட்டுப் பாப்பாங்க. அது யாரு போட்டது?"

"நான்."

"அப்பம் ரொம்பக் கஷ்டம்." யாருக்குக் கஷ்டம் என்று சொல்லவில்லை.

என் கையெழுத்தை ஒரு வெள்ளைத்தாள் வைத்து மூடினார். "சார் வந்ததும் வந்து வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லி அறிவிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

சந்தையில் நேற்று வள்ளிமயில் மயங்கி விழுந்திருக்கிறாள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். சிறுநீரகத்தில் கிருமித் தொற்று, காய்ச்சல். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். "குடிச்சுட்டு எங்க போறதுன்னு என்கிட்ட கேக்குறாங்க மேடம்" என்றும் சொன்னார்.

ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வள்ளிமயில் எழுந்து உட்காரப் பார்த்தாள். படுக்க வைத்தேன்.

"டீச்சர், எம்மவ கம்ப்யூட்டர்ல மேலிடத்துக்கு மனு போட்டா, கக்கூஸ் கட்டித்தரச் சொல்லி. பதில் வந்திருக்கு." தலையணைக்கு அடியிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். 'கழிப்பிடம் பயன்பாட்டில் உள்ளதை வார்டு உறுப்பினர் நேரில் பார்வையிட்டுச் சான்றளித்துள்ளார். மனு முடித்து வைக்கப்பட்டது.'

நான் அதை இரண்டு தடவை வாசித்தேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்: "நீங்க எந்தக் கக்கூஸப் பாத்திய டீச்சர்? எங்க இருக்குன்னு சொன்னா நாங்க அங்கயே போய்க்கிடுவோம்."

நான் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அடுத்து, அப்படியானால் யார் போட்டது என்று கேட்பாள். "உடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் வேனில் ஏறும்போது எனக்குச் சொன்னதும் அதேதான்.

வீட்டு வாசலில் ஒன்றியம் பைக்கோடு காத்திருந்தார். வியர்த்து வழிந்தது. தேர்தல் நடத்தும் அலுவலர் புதியவராம். உறுப்பினர்கள் அடையாள அட்டையோடு நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், பழைய கையெழுத்தோடு ஒப்பிட்ட பிறகே ஓட்டுச்சீட்டு என்று எழுதி அனுப்பிவிட்டாராம்.

"பொம்பளைங்களே நேர்ல வரணுமாம் மேடம். சட்டம் அப்படி இருக்கு, நாம என்ன செய்ய முடியும்?" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். பிறகு ஒரு தாளை நீட்டினார். வருகைப் பதிவேட்டின் நகல். "இதுதான் உங்க கையெழுத்து. நாளைக்குள்ள கைக்கு வந்துரணும். இரட்டைக் கோடு நோட்டு வாங்கியாந்திருக்கேன்."

ஐந்து பெண்களுக்கும் ஐந்து நோட்டு. ஜெபக்கனி போன் செய்தாள்.

"எக்கா, எங்க வீட்டுக்காரரு என் பேரச் சுழிச்சுச் சுழிச்சுப் போட்டுத் தொலைச்சிருக்காரு. நாலு பக்கம் எழுதிட்டேன், வரவே இல்ல. நான் இவ்வளவு ஸ்டைலான ஆளாக்கா?"

நானும் உட்கார்ந்து எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் கை வந்துவிட்டது. கோடு, இரண்டு புள்ளி. அச்சு அசல். என்னால் இவ்வளவு சுலபமாக முடிகிறது என்பதுதான் பிடிக்கவில்லை.

ஜூன் 18, புதன்

மத்தியானம் எல்லாரையும் கொண்டுவந்து விட்டார்கள். அவரோடு அரியமுத்துவும் உள்ளே வந்தார். ஒரு வாரம் ஒத்திகையில் ஜெயித்ததில் நடையே மாறிவிட்டது; தலைவராக இருந்து பழகிவிட்டார்.

"தங்கச்சி, நான் வந்ததும் முதல் தீர்மானம் என்ன தெரியுமா? உங்க வார்டு கழிப்பிடம் இருக்குல்ல, அதே மாடல்ல இன்னும் மூணு. பஸ் ஸ்டாண்டு, ஸ்கூலு, ஆஸ்பத்திரி. உங்க சர்டிபிகேட்டத்தான் முன்மாதிரியா இணைக்கப் போறோம்."

"ஆஸ்பத்திரியிலயுமா?"

"பொம்பளைங்க வந்து போற இடமாச்சே."

அவர் போன பிறகு காபி போட்டேன். என் வீட்டுக்காரருக்கு மூக்கெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு யூகலிப்டஸ் தைலமும் ஒரு டப்பா சாக்லேட்டும் வாங்கி வந்திருந்தார். நோட்டைக் கேட்டு வாங்கி, நான் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவது போலவே பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. கோடு மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமா இழுக்கணும்."

"கழிப்பிடச் சான்றிதழப் பாத்தேன்" என்றேன்.

அவர் நோட்டை மூடினார்.

"அது கட்சியில போடச் சொன்னது. நீ போட்டா என்ன, நான் போட்டா என்ன? நீ வேற நான் வேறயா?"

"நேர்ல பார்வையிட்டேன்னு இருக்கு."

"நான் பாத்தேம்லா."

"என்ன பாத்தீங்க?"

காபியை ஊதினார். ஆறிப்போன காபி. "சுவரு" என்றார்.

வள்ளிமயில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றேன். யார் வள்ளிமயில் என்று கேட்டார். மூன்று வருஷமாக அவர் சட்டைப்பையில் கட்சிக் கூட்டத்துக்கு வைத்துக்கொண்டு போகிற ரோஜாப்பூ அவள் கடையில் வாங்குவது. சொல்லவில்லை.

"தங்கப்பழம் வந்துட்டுப் போனார். பேசினது பேசினதுதானாம்."

அவருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன்.

"அவன் கெடக்கான் லூசுப்பய."

"சூடம் அணைச்சீங்களே?"

"அது மனசாரத்தான் அணைச்சேன்" என்றார். பிறகு, "உள்ளங்கையப் பாரு, கொப்புளம்" என்று காட்டினார். உண்மையாகவே இரண்டு கொப்புளம். ஒத்திகையில் விழுந்த அந்த எட்டாவது ஓட்டைப் பற்றிக் கேட்பதற்குள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

குளித்துவிட்டு வந்தவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்காருகிறவர் இல்லை.

"தமயந்தி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் அப்படிப் போட்டுரு. இது வெளிய வந்தா நான் ஜெயிலுக்குள்ள போயிருவேன். புள்ள படிச்சுக்கிட்டு இருக்கா."

அவர் பயந்து நான் பார்த்ததில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். எனக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். என்னைத் தேர்தலில் நிற்க வைத்தபோது தெருத்தெருவாகப் போய், "படிச்ச பொம்பள, தப்புன்னா தட்டிக் கேப்பா" என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். நானும் அவர் பின்னால் கும்பிட்டுக்கொண்டே போனேன். அப்போது அவர் அதை நம்பியிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். நானும்தான்.

கொப்புளத்துக்கு மருந்து போட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சரி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஜூன் 19, வியாழன்

மணி எட்டு. ஒன்பதரைக்குக் கூட்டம். மாவட்டம் ஏற்கெனவே தெருமுனையில் வேனோடு நிற்கிறது. இன்று வேன் எனக்கு.

அவர் என் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. முந்தானையைப் பார்த்துப் பார்த்துத் தேய்க்கிறார்.

ராத்திரி நன்றாகத் தூங்கினேன்; ஆச்சரியமாக இருக்கிறது. காலையில் இட்லி வைத்து, தேங்காய் துருவி, சட்னி தாளிக்கும்போதே முடிவு வந்துவிட்டிருந்தது. நான் உட்கார்ந்து யோசித்து எடுத்ததாகச் சொல்ல முடியாது. வள்ளிமயில் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்று கோடும் இரண்டு புள்ளியும் போட்டால், அவள் மனுவுக்கு வந்த அந்தப் பதிலும் நான் சொன்னதாகவே ஆகிவிடும். இனி வரப்போகிற மூன்று சுவரையும் நேரில் பார்வையிட்டவள் நான்தான் என்று ஆகிவிடும்.

பதிவேட்டில் என் கையெழுத்தைப் போடப் போகிறேன். கோணலான, வெட்டுக்கிளிக் கையெழுத்தை. ஒத்து வரவில்லையே என்பார்கள். மற்றதெல்லாம் யார் போட்டது என்று அந்தப் புது அலுவலர் கேட்பார். பேர் சொல்வேன். மூன்று வருஷம் கேட்காமல் இருந்தது யார் என்று கேட்டால் அந்தப் பேரையும் சொல்வேன்.

பிறகு ஓட்டுச்சீட்டுத் தருவார்களோ மாட்டார்களோ. தந்தால் யாருக்குப் போடுவது என்பது அப்போது பார்க்க வேண்டிய விஷயம்; இரண்டு பேரில் எவர் வந்தாலும் கட்டப்போவது தங்கப்பழம்தான். தராவிட்டால் ஏழுக்கு ஏழு, சீட்டுக் குலுக்குவார்கள். கட்சியிலிருந்து என்னை மத்தியானத்துக்குள் நீக்கிவிடுவார்கள். கவுன்சிலர் பதவியும் போகலாம். அவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவருக்காக வக்கீல் பார்க்க வேண்டும். மதுரையில் மகளின் தோழியின் அப்பா வக்கீல். என் வீட்டுக்காரர் உள்ளே போனால் சாப்பாடு கொண்டுபோவதும் நான்தான்.

ஜெபக்கனி இரண்டு தடவை போன் செய்துவிட்டாள், அவளுக்கு இன்னும் அந்தச் சுழி வரவில்லையாம். அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளும் தன் கையெழுத்தைப் போட்டுவிடுவாள். அது அவள் கையெழுத்து, அவளே யோசிக்கட்டும்.

சேலையோடு அறை வாசலில் வந்து நிற்கிறார்.

"கொசுவம் பிடிச்சு விடட்டா?"

"வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.